கதவு சாத்தாத பேனல்

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அப்புறம் மனிதகுலம் செய்த ஆகப்பெரிய காரியம், வழவழப்பான தாளில் கலர் படம் போட்டு விளம்பரப் புத்தகம் அச்சடித்ததுதான். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் 'டிரைவ்' என்கிற பெட்டியைச் செய்யும் அந்த மாபெரும் நிறுவனம், இந்தச் சேவையைச் சங்கரன்கோவில் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தது. ராஜபாளையம் ரோட்டில், மோட்டார்களை ஓட்டும் மின்சாரப் பெட்டிகளைச் செய்கிற மாரிக்கண்ணன் அண்ணாச்சியின் பேனல் போர்டு பட்டறையில் மேசைக்கு மேசை அந்தப் புத்தகம்தான்.

அங்கே கம்ப்யூட்டரில் சர்க்யூட் படம் வரையும் கனகலட்சுமிக்கு மட்டும் அது போதவில்லை. அவள் கேட்டது 'லைப்ரரி'. அதாவது, ஒரு சாமானைச் செய்கிற கம்பெனியே அதன் உயரம், அகலம், ஆழம், எந்த முனையில் எந்த ஒயர் என்பதையெல்லாம் ஒரு ஃபைலாகத் தந்துவிட வேண்டும். வரைகிறவர் அதை அப்படியே எடுத்துப் படத்தில் வைத்துக்கொள்வாராம். பேராசைக்கும் ஒரு எல்லை வேண்டாமா?

நிறுவனம் நடத்திய 'டிஜிட்டல் யுகச் சங்கமம்' கூட்டத்தில் எழுந்து நின்று அதைக் கேட்டும் விட்டாள். "இனி உலகமே டிஜிட்டல்!" என்று ஏரியா அதிகாரி பிரின்ஸ் முழங்கி முடித்து, பக்கத்து ஹாலில் பிரியாணி அண்டா திறக்கப்படும் புனித நேரம் அது.

"சார், புது டிரைவுக்கு லைப்ரரி ஃபைல் எப்பம் தருவீங்க?"

"அதான் புக் கொடுத்திருக்கோமே மேடம். எல்லாப் பக்கமும் கலர்."

"கலரை வச்சு நான் என்ன செய்ய? அதுல உயரமும் அகலமும்தான் போட்டிருக்கு. ஆழம் எவ்வளவு?"

"அதெல்லாம் கம்பெனி ரகசியம். போட்டிக்காரன் பாத்துட்டா?"

"அவன் கடையில ஒண்ணு வாங்கி ஸ்கேலை வச்சு அளந்துர மாட்டானா?"

"வாங்கட்டும் மேடம். அதுக்குத்தானே விக்கிறோம்!"

கூட்டம் கைதட்டியது. கனகலட்சுமி பிரியாணி சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

அவள் அவசரம் அவளுக்கு. பூ வியாபாரி பெத்துராஜ், கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பூவைச் சேர்த்து வைக்க ஒரு குளிர் அறை கட்டியிருந்தார். அதைக் குளிர வைக்கும் மோட்டாருக்கான பேனலில் இந்த டிரைவ்தான் உட்காரப்போகிறது. ஆனால் டிரைவ் தபசு நெருங்கும்போதுதான் கைக்கு வரும்; அதற்குள் இரும்புப் பெட்டியை அடித்து முடித்தாக வேண்டும். கனகலட்சுமி தனியாக வரையும் முதல் பேனல் இது. "ஒழுங்கா ஓடுச்சுன்னா இனி படம் பூராவும் உன் பொறுப்பு. இல்லைன்னா பழையபடி பில்லு போடுத சீட்டுதான்" என்று அண்ணாச்சி முன்னமே சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, ஆழம் தெரியாம பெட்டிக்கு எப்படி அளவு கொடுக்க?"

"ஏட்டி கனகம், பழைய டிரைவு அளவையே போடு. வருசா வருசம் எல்லாத்தையும் சின்னதாத்தான் ஆக்குதான். இதை மட்டும் பெருசாவா ஆக்குவான்?"

"ஆக்கிட்டாம்னா?"

"பாத்துக்கிடலாம்."

இந்தப் பகுதியின் பொறியியல் சாதனைகள் அத்தனையும் நிற்பது 'பாத்துக்கிடலாம்' என்ற உறுதியான அஸ்திவாரத்தின் மேல்தான். கனகலட்சுமி பழைய அளவில் ஒரு வெறும் கட்டம் போட்டு, அதற்குள் 'டிரைவ்' என்று எழுதினாள்.

நிறுவனம் பெரிதாக ஆக்கித்தான் இருந்தது. டிரைவை மாட்டிக் கதவைச் சாத்தினால், மூன்று விரல் இடைவெளி.

"என்ன அண்ணாச்சி, கதவு வாயைப் பொளந்துட்டு நிக்கி?" என்றார் பெத்துராஜ்.

"வேற பெட்டி அடிக்க நேரமில்ல வே. தபசு முடியட்டும், மாத்தித் தாரேன்."

"சரி, பூக்கட்டுத நாரு கெடக்கு. இழுத்துக் கட்டிருவோம்."

உலகத்தரம் வாய்ந்த டிரைவ், வாழைநாரின் பாதுகாப்பில் ஓடத் தொடங்கியது. ஆடிக் காற்றுக்கு மூன்று விரல் சந்து தாராளம். கரிசல் புழுதியை வாரிக் கொண்டுவந்து உள்ளே கொட்டியது. தபசுக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால், டிரைவின் விசிறி அடைத்து, சூடேறி, மொத்தமும் நின்று கிடந்தது. அறை நிறைய பிச்சியும் மல்லியும் பழுப்பேறிப்போயிருந்தன.

"இதைக் கொண்டுபோய் கோமதியம்மைக்குச் சாத்தச் சொல்லுதியளா?" என்று பெத்துராஜ் கேட்டார். அண்ணாச்சி கனகலட்சுமியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

திருவிழா முடிந்ததும் பிரின்ஸ் வந்து, விசாரணை நடத்தி, தீர்ப்பு வழங்கினார். கதவு திறந்திருந்ததால் வாரண்டி கிடையாது. படம் வரைந்தவரின் 'கற்பனை'க்கு நிறுவனம் பொறுப்பாகாது.

"கனகம், நாளையிலேர்ந்து நீ பில்லைப் பாரு" என்றார் அண்ணாச்சி.

அவள் கம்ப்யூட்டரை அணைக்கப் போனாள். செத்துப்போன டிரைவை மேசைமேல் வைத்து, அளந்து, ஒவ்வொரு முனையாகப் பார்த்து அவள் உருவாக்கியிருந்த லைப்ரரி ஃபைல் திரையில் நின்றது. பிரின்ஸ் கண் விரிந்தது.

"மேடம், இது நம்ம டிரைவாச்சே! தத்ரூபமா இருக்கே! எனக்கு அனுப்புங்க, வெப்சைட்ல போட்டுருவோம்."

"உங்ககிட்ட இல்லாமலா சார்? படம் இல்லாமலா இதைச் செஞ்சீங்க?"

"இருக்கு மேடம். ஆனா அது வேற டிபார்ட்மென்ட். கேட்டா மூணு பேர் கையெழுத்து போடணும். உங்ககிட்ட சும்மா கிடைக்குதே!"

இன்னொருத்திக்குக் கதவு சாத்தாமல் போகக்கூடாதே என்று கனகலட்சுமி அனுப்பிவைத்தாள்.

இப்போது அந்த ஃபைல் நிறுவனத்தின் வெப்சைட்டில் கம்பீரமாக இருக்கிறது. 'வாடிக்கையாளர் நலனே உயிர்மூச்சு எனக் கொண்ட எங்கள் நிபுணர் குழுவின் தயாரிப்பு' என்று கீழே போட்டிருக்கிறார்கள். நிபுணர் குழு, ராஜபாளையம் ரோட்டில் பில் போட்டுக்கொண்டிருக்கிறது.