கிளிச்சட்டைக்குச் செய்த சத்தியம்

போர்மேன் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஒரு துணிகூடக் கிழிபடக் கூடாது.

காரணம் உண்டு. பட்டறையில் ஒரு கூட்டத்தையே மேய்த்து ஓய்வுபெற்றவர். வீட்டில் மேய்க்க ஆள் இல்லை. இருந்த ஒரே ஆளான மனைவி அவரை மேய்த்தாள். அந்த அம்மாளுக்கு இப்போது புதுப் பைத்தியம். பழைய துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, பட்டையோடு பட்டை சேர்த்துத் தைத்துப் போர்வை செய்வது. பக்கத்து வீட்டு டீச்சரிடம் போன வாரம்தான் பாடம் ஆரம்பம். அதற்குள் ஜன்னல் திரை போயிற்று. தலையணை உறை போயிற்று. அவருடைய பைஜாமாவில் ஒரு கால் போயிற்று.

மிச்சம் கிளிச்சட்டை. பச்சைக் கிளிகள் அச்சடித்த அரைக்கைச் சட்டை. காலர் நைந்துவிட்டது. பாதிக் கிளிகளுக்கு மூக்கு உதிர்ந்துவிட்டது. இருந்தாலும் நல்லது கெட்டது எதற்கும் அதைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்புவார். சம்பந்தி வீட்டுக்கும் அதுதான். அம்மாள் அதைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

டீச்சரைச் சாட்சிக்கு நிறுத்தி, அம்மாளைக் கூப்பிட்டார்.

“சொல்லு.”

“என்னத்த?”

“என் கிளிச்சட்டை மேல கத்தரி வைக்க மாட்டேன்னு.”

“வைக்க மாட்டேன்.”

“முழுசா.”

“உங்க கிளிச்சட்டை மேல நான் கத்தரி வைக்க மாட்டேன். போதுமா? இல்ல, பத்திரம் பதியணுமா?”

“நான் சாட்சி” என்றாள் டீச்சர், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

இரண்டு நாள் ஓடியது. அலமாரியில் சட்டையைக் காணோம்.

“சட்டை எங்கடி?”

“துவைச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். உங்க கிளி எங்கயும் பறந்துடல.”

போர்மேனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கட்டியவள் திருந்திவிட்டாள்!

கூடத்துக்கு வந்தார். மேஜை மேல் தட்டையாகத் தேய்த்த துணிகள் அடுக்கியிருந்தன. அம்மாள் வெட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் அவருக்கு உடம்பு பற்றி எரிந்தது.

“இது பட்டையா, பாம்பா?”

“கத்துக்குட்டிக்கு அப்படித்தான் வரும்.”

“ஒரு முனை மூணு விரல், மறு முனை ரெண்டு விரல். தைச்சா போர்வை கோணிக்கும்டி.”

“கோணட்டும். உங்களை மாதிரி அளவு பிடிக்க யாரால முடியும்?”

அங்கேதான் மனிதர் கவிழ்ந்தார்.

“தள்ளு. தன் கையே தனக்கு உதவி.”

பட்டறை ஸ்கேல் வந்தது. கத்தரி கை மாறியது.

“துணியைத் திருப்பாதீங்க. கோடு உள்பக்கந்தான் போடணும். வெளிப்பக்கம் போட்டா கறை நின்னுடுமாம்.”

“இரும்புலயே கோடு போட்டவன். எனக்குப் பாடம் எடுக்காதே.”

கோடு போட்டார். வெட்டினார். நடுவில் வெளுத்த துணி ஒன்று வந்தது. ஓரமெல்லாம் வளைவு. சீவித் தள்ளினார்.

“ரொம்ப நைஞ்சிருக்கே?”

“பழசு. வேணாம்னா தூக்கிப் போட்டுடலாம்.”

“போடுவே, போடுவே! கைக்கு எவ்வளவு இதமா இருக்கு. துணின்னா இது துணி.” தடவிக் கொடுத்து, மயிரிழை பிசகாமல் வெட்டித் தள்ளினார்.

அவர் வெட்ட வெட்ட அம்மாள் தைத்தாள். நல்ல பக்கம் உள்ளே, ஓரத்தில் கால் அங்குலம் விட்டு. தைத்ததைக் குப்புறப் போட்டுத் தேய்த்தாள். சாயங்காலத்துக்குள் போர்வையின் மேல்துணி முடிந்துவிட்டது. போர்மேனே கத்தரியும் கையுமாகப் போய் டீச்சரை அழைத்து வந்தார். நேர்கோடு என்றால் என்னவென்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

“பாருங்க டீச்சர். ஒரு நூல் விலகியிருக்கா?”

“இல்ல சார். திருப்பிக் காட்டுங்க.”

அம்மாள் திருப்பினாள்.

கிளிகள். ஒரு பட்டையில் தலை, அடுத்த பட்டையில் வால். மூக்கில்லாத கிளிகள், அணிவகுப்பில் நிற்கிற மாதிரி, வரிசை பிசகாமல்.

“அடிப்பாவி! சத்தியம் பண்ணினியே!”

“பண்ணினேன். தையலை ஊசியால பிரிச்சேன். துவைச்சேன். தேய்ச்சேன். கத்தரி வச்சேனா? நீங்களே சொல்லுங்க டீச்சர், கத்தரி யார் கையில இருக்கு?”

டீச்சர் பார்த்தாள். போர்மேனும் குனிந்து பார்த்தார்.

இன்னும் கீழே வைக்கவில்லை.