இன்னும் லோக்கலா அழும்மா

என் முகத்தில் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மேக்கப் போட்டிருக்கிறார்கள். அதுவும் என்னைக் கறுப்பாக்குவதற்கு. நான் பிறந்ததிலிருந்தே நல்ல கறுப்பு. அதற்கு மேலும் ஒரு பூச்சு தேவைப்பட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது சிரிப்பேன், நம்பாதீர்கள். உள்ளே இன்னும் பற்றி எரிகிறது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விஷுவல் கம்யூனிகேஷன் படித்துவிட்டு, சென்னையில் ஓர் இயக்குநரிடம் ஐந்தாவது உதவி இயக்குநராகச் சேர்ந்திருந்தேன். (ஐந்தாவது என்றால் கிளாப் போர்டுகூடக் கைக்கு வராது. கிளாப் அடிப்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிற பதவி.) படம் மீனவர்களைப் பற்றியது. நான் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி, அம்மா மீன் விற்கிறவள் என்று சொன்னதால்தான் வேலையே கிடைத்தது. "உண்மையான மனுஷங்கள காட்டணும்மா" என்றார் இயக்குநர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், எங்க ஊரையே கொண்டுவந்து நிறுத்துறேன்" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "கன்னியாகுமரி" என்றுதான் கூப்பிடுவார்.

படப்பிடிப்பு எங்கள் ஊரில். கடலுக்குப் போன படகு திரும்பாத காட்சிக்கு, கரையில் நிற்க இருபது பெண்கள் வேண்டும். எங்கள் ஊரில் ஒரு சேதியை எல்லோருக்கும் சொல்ல ஒரே வழிதான் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயிலில் வாசிக்கிற அறிவிப்பு. காணாமல் போன கம்மல், கண் சிகிச்சை முகாம் எல்லாமே அதில்தான் வரும். நானும் ஃபாதரிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தேன். அவர் அதைத் தன் பாணியில் வாசித்தார்: "நம் பங்கைச் சேர்ந்த மகள் ஒருத்தி சினிமா எடுக்கிறாள். புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் நடைபெறும் நிகழ்வில் தாய்மார்கள் திரளாகக் கலந்துகொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

கோயிலில் அறிவித்த நிகழ்வுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் எப்படி வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யோசித்தேனா? இல்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை ஊர் முழுக்கக் காட்டி முடிக்கவே எனக்கு நேரம் போதவில்லை.

புதன்கிழமை காலை நூறு பேர் வந்தார்கள். ஊர்த் திருநாளுக்கு உடுக்கிற பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, பெட்டியில் இருந்த நகையெல்லாம் கழுத்தில். அன்றைய மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். முன்வரிசையில் அம்மா, பச்சைப் பட்டில்.

"எப்பிடிட்டி? இருவது பேரு கேட்ட. ஊரே வந்து நிக்குது பாத்தியா?" என்றாள்.

இயக்குநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "யாரு இவங்கல்லாம்? கல்யாண வீட்டு ஆளுங்களா?"

"மீனவப் பெண்கள் சார்."

"மீனவப் பொண்ணுங்க மாதிரியே இல்லையேம்மா."

அந்த நேரத்தில் பக்கத்து வேனுக்குள், வடக்கிலிருந்து வந்த வெள்ளை வெளேர் கதாநாயகிக்கு இரண்டு மணி நேரமாகக் கறுப்பு பூசிக்கொண்டிருந்தார்கள். வெளியே, கறுப்பாகவே பிறந்த நூறு பேர் வெயிலில் நிற்கிறார்கள், அவர்களைப் பார்த்து ஒரு மனிதர் "மாதிரியே இல்லை" என்கிறார். எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் முதல் படம், என் முதல் வேலை. "மாத்திடலாம் சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இப்போதும் என்னையே நான்கு அறை அறையலாம் போலிருக்கிறது.

உடைப் பிரிவில் மூன்று சாக்கு நிறையக் கிழிந்த சேலைகள் இருந்தன. பழசாகத் தெரிய வேண்டுமென்று இரண்டு நாள் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, கல்லில் உரசி, கத்தரியால் அளவாகக் கிழித்தவை. ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு போய், பெற்ற தாயின் காலடியில் போட்டேன்.

அம்மா ஒரு சேலையை எடுத்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, மீன் விக்கப் போவும்பகூட நான் இப்பிடி உடுத்துனது கெடயாது. நாறின சேலையோட போய் நின்னா எவ எனக்க மீன வாங்குவா? சொல்லு பாப்போம்."

"அம்மா, இது சினிமாம்மா. கொஞ்சம் ஒத்துழைங்க."

(ஒத்துழைங்க! அம்மாவிடம் நான் அந்த வார்த்தையைப் பேசியது அதுவே முதலும் கடைசியும்.)

தாமதம் பொறுக்காமல் இயக்குநரே வந்தார். காட்சியை நடித்துக் காட்டினார். கடலைப் பார்த்து ஓடி, மண்ணை வாரித் தூற்றி, மார்பில் அடித்துக்கொண்டு மணலில் புரண்டார். தொப்பி ஒரு பக்கம் போனது. நூறு பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எதுக்குத் தம்பி உருளணும்?" என்றாள் அம்மா.

"கடலுக்குப் போனவங்க திரும்பி வரலம்மா. அந்த வலி."

கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் அப்படி ஓர் ஆள் உண்டு. என் மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு புயலில் போனவர் வரவில்லை.

"எங்க அண்ணன் வராம இருந்தப்ப நாங்க ஒருத்தரும் உருளல தம்பி" என்றாள் அம்மா. "போன் அடிச்சிட்டே இருந்தோம். ஜெபமால சொன்னோம். பொறவு எல்லாருமா பஸ் ஏறிப் போயி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இருந்தோம். தேடுறதுக்கு ஹெலிகாப்டர் எங்கன்னு கேட்டோம். அத எடுங்க, நாங்க நிக்கோம்."

"அதெல்லாம் டாக்குமெண்டரிம்மா" என்றார் அவர், தொப்பியில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டே.

அம்மா சேலையை நான்காக மடித்துச் சாக்குக்குள் வைத்தாள். "வாருங்கடி, போவோம்" என்றாள். நூறு பேரும் கிளம்பினார்கள். (காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஆளுக்கு இரண்டு வடை எடுத்துக்கொண்டுதான்.) போகிற வழியில் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ வாறியா?"

"நீங்க போங்கம்மா. எனக்கு வேலை இருக்கு."

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து துணை நடிகைகள் வர மதியம் ஆகும் என்றார்கள். காலை வெளிச்சம் போய்விடும். இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். சமையல்காரப் பெண்கள் நால்வர், தலை அலங்காரம் செய்கிறவர், நான். "கன்னியாகுமரி, நீயும் போய்க் கட்டிக்கோ."

மேக்கப்காரர் என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "சார், இந்தப் பொண்ணு படிச்ச களையா இருக்கு. இன்னும் கொஞ்சம் டல் பண்ணணும்." பண்ணினார், கதாநாயகிக்குப் பூசிய அதே கறுப்பால். நான் உருண்டேன். ஏழு முறை உருண்டேன். ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கியில் அதே குரல்: "கன்னியாகுமரி, பத்தல. இன்னும் லோக்கலா அழும்மா!"

லோக்கல் என்றால் யாரடா? இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே உன் காட்சிக்காகப் புரண்டுகொண்டிருக்கிறவளைவிட லோக்கல் யார்? எட்டாவது முறை எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. படகுக்காக இல்லை, அம்மாவைத் தனியாக அனுப்பியதற்காக. "சூப்பர்!" என்று கத்தினார் அவர்.

நாகர்கோவிலில் ஒரு தியேட்டரில் குடும்பத்தோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். பெயர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை. (நடித்த நாயின் சொந்தக்காரருக்கு நன்றி இருந்தது.) எங்கள் கரை இருந்தது, எங்கள் கடல் இருந்தது. ஊர்ப் பெண்கள் சார்பில் நான் ஒருத்தி மட்டும் மூன்று நொடி உருண்டேன். 'மீனவர் வாழ்வின் அசல் பதிவு' என்று ஒரு விமர்சகர் எழுதினார். ஆள் கையில் கிடைத்திருந்தால் அதே மணலில் உருட்டியிருப்பேன்.

இப்போது நானே குறும்படங்கள் எடுக்கிறேன். அதில் எங்கள் பெண்கள் தங்களுக்குப் பிடித்ததை உடுத்திக்கொண்டு வந்து, அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று கேள்வி கேட்கிறார்கள். ஒரு விழாவில் பெரிய மனிதர் ஒருவர் எழுந்து, "கொஞ்சம் யதார்த்தமா எடுத்திருக்கலாம்" என்று ஆலோசனை சொன்னார். மைக்கைப் பிடுங்கி நான் சொன்ன பதிலுக்குப் பிறகு அந்த விழாவுக்கு என்னை அழைப்பதில்லை.

ஆனாலும் எங்கள் வீட்டில் என் படங்களைவிட அந்தப் படத்துக்குத்தான் மவுசு. கிறிஸ்துமஸ், பொங்கல் என்று எந்த விடுமுறை வந்தாலும் ஏதாவது ஒரு சேனலில் போட்டுவிடுவார்கள். உடனே அப்பாவின் தங்கை அம்மாவுக்குப் போன் செய்வாள்: "மைனி, பிள்ள உருளப் போறா! வேகம் டிவிய போடுங்க!" வீடே கூடிவிடும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் மை பூசிய முகத்தோடு புரளும் அந்தப் பெண்ணை உற்றுப் பார்ப்பாள். அப்புறம் உச்சுக்கொட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்:

"பாவம், யாரு பெத்த பிள்ளயோ!"