எக்ஸ்ரேவும் மூன்று பெட்டிகளும்

நல்ல பெட்டி கிடைக்காமல் அந்தக் கருவி வாசற்படியைத் தாண்டாது என்று எக்ஸ்ரே சாப்பாட்டு மேஜையைத் தட்டிச் சொன்னார். தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. மனைவி துடைத்தாள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. கூரியர் ஆபீஸில் யாருக்கும் அது ஞாபகமில்லை. பார்சல் உடைந்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது அவர் வேலை. வீட்டில் கிடக்கும் ஓட்டை உடைசலைப் பார்சல் கட்டி அனுப்பிவிட்டு, "வழியில உடைச்சுட்டாங்க சார், புதுசு கொடுங்க" என்று கண்ணைக் கசக்குகிற ஆசாமிகள் ஏராளம். எக்ஸ்ரே விரிசலை ஒரே ஒரு பார்வை பார்ப்பார். "இது உடைஞ்சதில்ல, உடைச்சது" என்பார். வந்தவர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடுவார்.

அந்தத் திறமையை மெச்சிக் கம்பெனி அவருக்கு ஒரு விஆர் ஹெட்செட்டைப் பரிசாகக் கொடுத்திருந்தது. கண்ணில் மாட்டிக்கொண்டால் போதும். சோபாவில் உட்கார்ந்தபடியே நடுக்கடலுக்குள் இருக்கலாம், பக்கத்தில் திமிங்கிலம் போகும்.

அதை ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியே தீரவேண்டும். மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மகானுபாவர் போன மாதம் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டி, எதிரே எக்ஸ்ரேயை உட்காரவைத்து, "உங்க வீட்டு டிவி இன்னும் ஓடுதா சகலை?" என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து எக்ஸ்ரேக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

"ஒரு துண்டுல சுத்தி எடுத்துட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"துண்டா? பார்சலுக்கு வழியில என்னென்ன நடக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

"பஸ்ல மடியில வெச்சுக்கிட்டுத்தானே போகப்போறோம்?"

"மடியை மட்டும் நம்பலாமா?"

பை, பெட்டி விற்கிற கடைக்காரர் மூன்று மாதிரி கொடுத்தனுப்பினார். ஜிப் வைத்த துணிப்பை ஒன்று. ஆமை ஓடு போல் கெட்டியானது ஒன்று. உள்ளே ஸ்பாஞ்சு மெத்தையும் வெளியே இரண்டு பூட்டுமாக அலுமினியப் பெட்டி ஒன்று. "தூக்கிப் போட்டுப் பாத்தே வாங்கலாம் சார்" என்று பெருமைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். யாரிடம் போய் என்ன சொல்கிறோம் என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

எக்ஸ்ரே மூன்றையும் மாடிப்படி உச்சியில் வரிசையாக வைத்தார்.

"ஹெட்செட்டை உள்ள வெச்சா உருட்டப்போறீங்க?"

"எனக்கென்ன பைத்தியமா? அந்த வெயிட்டுல வேற ஏதாவது எடுத்துட்டு வா."

மனைவி ஒரு நொடி யோசித்தாள். ஒரே நொடிதான்.

"அயர்ன் பாக்ஸ் இருக்கு."

அந்த அயர்ன் பாக்ஸ் தொட்டால் ஷாக் அடிக்கும். மாற்றலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம், "சூடாகுதுல்ல?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார். மிக்ஸி ஜாரின் மூடியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். "அரைக்குதுல்ல?" அவருடைய அக்கா இவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த மேஜைக் கடிகாரம் நினைத்த நேரத்துக்குச் சேவல் போலக் கூவும். "கூவுதுல்ல?"

"அயர்ன் பாக்ஸ் வெயிட் ஜாஸ்தியாச்சே?" என்றார்.

"அதைத் தாங்குற பை இதைத் தாங்காதா?"

எக்ஸ்ரே மனைவியை மரியாதையோடு பார்த்தார். இத்தனை வருஷம் இந்த மூளையை எங்கே வைத்திருந்தாள்?

துணிப்பை உருண்டது. கீழே போய் ஜிப்பைத் திறந்தால் அயர்ன் பாக்ஸில் பிடி தனி, பெட்டி தனி.

"துணி சரிப்படாது" என்று தீர்ப்பளித்தார் எக்ஸ்ரே.

"சரிப்படவே படாது" என்றாள் மனைவி. கையில் மிக்ஸி ஜார் தயாராக இருந்தது.

ஆமை ஓடு தடதடவென்று இறங்கிய சத்தத்தில் கீழ்வீட்டு வாத்தியார் வெளியே வந்துவிட்டார்.

"என்ன சார், வீடு மாத்தறீங்களா?"

"பெட்டி பாக்கறோம் சார்."

"உள்ள ஒரு செங்கல்லை வெச்சு உருட்டக் கூடாதா?"

எக்ஸ்ரே வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "செங்கல்லுக்கு உள்காயம் பட்டா நமக்கெப்படி சார் தெரியும்?"

"கேட்டீங்களா?" என்றார் எக்ஸ்ரே. வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டார். ஜாரில் ஒரு பக்கம் நசுங்கி, மூடி இரண்டாகியிருந்தது.

அலுமினியப் பெட்டிக்குள் அக்காவின் கடிகாரம் போயிற்று. பெட்டி பதினைந்து படியும் குட்டிக்கரணம் போட்டுக் கீழே நின்றது. திறந்தார்கள். கடிகாரம் ஜம்மென்று கூவியது.

எக்ஸ்ரே துள்ளிக் குதித்தார். மனைவியின் முகம்தான் தொங்கிப்போயிற்று.

"ஒரு தடவையை வெச்சு எப்படிங்க நம்பறது? உங்க ஆபீஸ்ல ஒரு பார்சல் எத்தனை கை மாறும்?"

நியாயம்தானே! மறுபடி உருட்டினார். கூவியது. மறுபடியும். கூவியது. நாலாம் தடவை பாதிப் படியில் பூட்டு திறந்துகொண்டது. கடிகாரம் ஆகாயமார்க்கமாகப் போய்ச் சுவரில் மோதி, அரைக் கூவலோடு அடங்கியது.

"உங்க அக்கா ஆசையாக் கொடுத்தது" என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதே. பூட்டுல இருந்த கோளாறு இப்பவே தெரிஞ்சுபோச்சே! மேல ஒரு பெல்ட்டைப் போட்டுக் கட்டிட்டா ராஜாப் பெட்டி." அவள் அழுகையைத் தாங்கமாட்டாமல் அன்று மாலையே புது அயர்ன் பாக்ஸும் புது மிக்ஸியும் வாங்கிக் கொடுத்தார். கடிகாரமும் வாங்கினார். அது கூவாத கடிகாரம், அவளே பார்த்துப் பொறுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் எக்ஸ்ரே பெல்ட்டை அவிழ்த்தார். ஒரு பூட்டைத் திறந்தார். கொஞ்சம் நிறுத்தினார். இன்னொன்றைத் திறந்தார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்ட சகலை, திமிங்கிலத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி, தன் பெரிய டிவியிலேயே போய் முட்டிக்கொண்டார். எக்ஸ்ரேயின் நெஞ்சு குளிர்ந்தது.

"நானும் ஒண்ணு வாங்கிடப்போறேன் சகலை" என்றார் அவர், நெற்றியைத் தேய்த்தபடி.

"வாங்கறது பெருசில்ல. பெட்டி பாக்கறதுலதான் இருக்கு விஷயம்." எக்ஸ்ரே துணிப்பையிலிருந்து பெல்ட் வரை ஒன்றுவிடாமல் விளக்கினார். ஆபீஸில் பெயர் வாங்கியதையும் நடுநடுவே சேர்த்துக்கொண்டார். சகலை வாயைப் பிளந்து கேட்டார். பிறகு எக்ஸ்ரே வெற்றிக் களிப்பில் தானே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார்.

கருவி கண்ணைத்தான் மூடியிருந்தது. காது திறந்துதான் இருந்தது. சகலை நெற்றிக்கு மருந்து தடவ உள்ளே போயிருந்தார். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

"அக்கா, எங்க வீட்டு பிரிட்ஜ் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து வெச்சிருக்கேன். கேட்டா, 'குளிருதுல்ல?'ங்கறாரு. ஆனா பிரிட்ஜ் அந்தப் பெட்டிக்குள்ள அடங்காதே?"

"எடுத்த உடனே பிரிட்ஜுக்குப் போகாதடி, சந்தேகம் வந்துடும். மொதல்ல அயர்ன் பாக்ஸ்ல ஆரம்பி."

பிடி முறிந்த அயர்ன் பாக்ஸும் நசுங்கிய ஜாரும் அரைக் கூவலும் கடலடியில் எக்ஸ்ரேயின் கண்முன் வந்து போயின. ஒன்றுகூட உடைந்ததில்லை. எல்லாம் உடைத்தது. உடைத்ததும் அவரேதான்.

"சகலை, எனக்கு எந்த சைஸ்ல பெட்டி வாங்கலாம்?" என்று திரும்பி வந்த சகலையின் குரல் கேட்டது.

உண்மையைச் சொன்னால் மானம் போகும். திமிங்கிலம் ஒன்று நிதானமாகக் கடந்து போகும்வரை எக்ஸ்ரே யோசித்தார்.

"பிரிட்ஜ் சைஸுக்கு வாங்குங்க சகலை."