மேடையில் வானம் தெரிந்த விவரம்

சங்கரன்கோவில்,
5-8-83

அன்பும் மரியாதையும் உள்ள மைத்துனர் சங்கரபாண்டி அவர்களுக்கு, அக்காள் கணவன் கோமதிநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் சுகம் என்று எழுதுவது முறை, ஆகவே எழுதியிருக்கிறேன். வாசுதேவநல்லூரில் நீங்களும், உங்கள் மனைவி மாரித்தாயும், பத்து நாளாக உங்கள் வீட்டில் இருக்கும் என் மனைவி தங்கத்தாயும் சுகமா என்று தெரிவிக்கவும். மூன்றாவதாகக் குறிப்பிட்டவரின் சுகத்தை முதலில் தெரிவித்தால் நல்லது.

தங்கத்தாயைத் திருப்பி அனுப்பும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்பது சந்தேகம். ஆகையால் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேஸ் அடுப்பு வந்தபோது நின்றுகொண்டு சமைப்பதற்காக ஜன்னலோரம் கடப்பைக் கல்லில் மேடை கட்டினோம் அல்லவா, கட்டிய மறுநாளே அதில் உப்பு ஜாடி ஏறியது, பின்னாலேயே எண்ணெய்த் தூக்கு, அஞ்சறைப்பெட்டி, ஊறுகாய்ப் பரணி, காய்கறிக் கூடை, பஞ்சாங்கம், என் இருமல் மருந்து என்று எல்லாம் ஏறி, அடியில் கல் இருப்பதே மறந்துபோயிற்று. போன சித்திரையில் ஒருநாள் விடியற்காலை தண்ணீர் குடிக்கப் போனேன். தங்கத்தாய் எல்லாவற்றையும் இறக்கிவைத்துக் கல்லைக் கழுவிவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். ஈரக் கல்லுக்குள் வானம் இருந்தது. கொல்லை முருங்கை தலைகீழாக நின்றது. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், கோபுரத்தின் உச்சி. ஒரு புறா கல்லின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறியது. தம்ளரைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அதற்குள் இறங்கி நடந்தால் எந்த ஊர் வரும் என்றுகூட யோசித்தேன். தங்கத்தாய் வந்து உப்பு ஜாடியை வைத்தாள். கோபுரம் போயிற்று.

இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு அறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன், ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எப்படிச் சொல்வது? ஆகவே சுத்தம், சுகாதாரம் என்று காரணம் காட்டி, மேடையில் இருந்த சாமான்களை ஒரே அளவான டப்பாக்களில் போட்டு, எண் ஒட்டி, முன்னறை பீரோவுக்கு மாற்றி, எந்த எண்ணில் எது என்று ஒரு பதிவேடும் போட்டேன்.

“ஒரு துளி கடுகுக்கு மனு எழுதிப் போடணுமாக்கும்?” என்று கேட்டாள்.

மனு வேண்டாம், வாயால் கேட்டால் போதும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நம் கோயில் புற்றுமண்ணை எங்கே சேர்ப்பது என்பதில்தான் எனக்கு இரண்டு நாள் குழப்பம். நெற்றியில் இடுவதால் விபூதியோடு சேருமா, வயிற்றுவலிக்கு வாயில் போடுவதால் மருந்தோடு சேருமா? கடைசியில், எப்படிப் பார்த்தாலும் பொடிதானே என்று பொடி வகையில், மல்லிப்பொடிக்கும் ரசப்பொடிக்கும் நடுவே, பதினான்காம் எண்ணாகப் பதிந்தேன். ஆடித் தபசுக்கு மறுநாள் நீங்களும் மாரித்தாயும் விருந்துக்கு உட்கார்ந்திருந்தபோது, அடுக்களையிலிருந்து “ஏங்க, ரசப்பொடி! சீக்கிரம்!” என்று சத்தம் வந்தது. பதிவேட்டை எடுத்தேன். கண்ணாடியைக் காணவில்லை. (கண்ணாடியும் பீரோவில்தான் இருந்தது, இருபத்தொன்பதாம் எண்.) உத்தேசமாக ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவள் அவசரத்தில் பார்க்காமல் இரண்டு கரண்டி போட்டுவிட்டாள்.

“அத்தான், ரசம் பல்லுல கடிபடுதே!” என்றீர்கள் நீங்கள்.

“மதினிக்குப் பருப்பு களையக் கண்ணு தெரியல போல. வயசாகுதுல்லா!” என்றாள் மாரித்தாய்.

தங்கத்தாய் என்னைப் பார்த்தாள். அதற்குள் எனக்குக் கண்ணாடி கிடைத்திருந்தது. டப்பாவில் பதினான்கு என்று இருந்ததையும் பார்த்துவிட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அப்பளம் கேட்டேன்.

அன்று சாயங்காலம் உங்களோடு அவளும் பஸ் ஏறிவிட்டாள். “மேடையும் நீங்களுமா இருங்க” என்பதுதான் கடைசியாகச் சொன்னது. ஆகவே இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்: ரசத்தில் விழுந்தது புற்றுமண். கொடுத்தவன் நான். தங்கத்தாயின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் கிடையாது. இந்தப் பகுதியை மாரித்தாய்க்கு உரக்க வாசித்துக் காட்டவும்.

இந்த நாட்களில் மேடை காலியாகத்தான் இருந்தது. காலையில் நானே கழுவினேன், நானே பார்த்தேன். வானம் இருந்தது, முருங்கை இருந்தது, புறாவும் நேரம் தவறாமல் வந்துபோயிற்று. ஆனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று ஆனபோது நிற்கத் தோன்றவில்லை. ஜாடியை வைக்க யாரும் வராத வானம் சற்றுப் பெரிதாக இருக்கிறது. நேற்று எல்லாச் சாமான்களையும் பழையபடி மேடையில் ஏற்றிவிட்டேன். இறக்குவதற்கு முன்பே படம் வரைந்து வைத்திருந்ததால் ஒரு அங்குலம் பிசகாது. இனித் தொடமாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

உங்கள் வயலுக்கு மழையும், மாரித்தாய்க்குத் தேக சுகமும், எனக்குக் கொஞ்சம் தைரியமும் கோமதியம்மாள் அருளட்டும்.

இப்படிக்கு,
கோமதிநாயகம்

பின்குறிப்பு: இதை மடித்து விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது, தங்கத்தாய் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். “அங்கன மேடையில ஒரு கரண்டி வைக்க இடம் கிடையாது. மாரித்தாய் கடை பரப்பி வச்சிருக்கா. எனக்கு மூச்சு முட்டிட்டு” என்றாள். (இதை உரக்க வாசிக்க வேண்டாம்.) பிறகு கடிதத்தைப் பிடுங்கி வாசித்தாள்.

“புத்துமண்ணுன்னு அன்னைக்கு பஸ்ஸுலயே சொல்லிட்டேன். புளியங்குடி வரைக்கும் மூணு பேரும் சிரிச்சுக்கிட்டேல்லா போனோம்!”

“பின்னே ஏன் பத்து நாள்?”

“நீங்க வாயைத் தொறக்கியளான்னு பாத்தேன்.”

கல்லுக்குள் வானம் தெரிந்த இடம் வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இரண்டு தரம் வாசித்தாள். “இதைச் சொன்னா என்னவாம்? நான் தெனம் பாக்கேன். ஒரு புறா இல்ல, ரெண்டு” என்றாள். அப்புறம் நான் அங்குல சுத்தமாக ஏற்றிவைத்ததை எல்லாம் மளமளவென்று இறக்கி, மேடைக்கு அடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் அடுக்கிவிட்டு, கல்லைக் கழுவினாள். எண் எதுவும் ஒட்டவில்லை.

ஆகவே இந்தக் கடிதத்துக்கு இப்போது அவசியம் இல்லை. ஆனால் மேடையில் காகிதம் எதையும் போட்டுவைக்கக் கூடாது என்று உத்தரவாகியிருப்பதால் தபாலில் சேர்க்கிறேன். நான் இதை எழுதி முடிப்பதற்காக என் காபித் தம்ளரையும் அவளே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு காபியும் ஆறிக்கொண்டிருக்கின்றன. தம்ளரை வைக்கத்தான் இடமில்லை. மேடை முழுக்க வானமாக இருக்கிறது.