வலது கைக்கு ஒரு மாவுக்கட்டு

நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் முழுசாக ஒரு வருஷத்தைத் தின்றவன். எங்கள் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். சொல்லும்போதெல்லாம் எனக்குக் காது சுடும்.

எழுபதுகளின் கடைசி. சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிற வேலை எனக்கு. வயசு இருபத்தாறு. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டால் பெரிய டாக்டரே என் உதவியாள் என்று நினைப்பு. யானாதி என்கிற பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கட்டு போடவும் எக்ஸ்ரே எடுக்கவும் கற்றுக்கொடுத்தால், அவர்கள் தங்கள் ஊர்ப்பக்கமே வேலை செய்வார்கள் என்று ஆஸ்பத்திரியில் அந்த வருஷம் முடிவெடுத்தார்கள். (டவுன் ஆளை அங்கே அனுப்பினால் இரண்டாம் நாளே பஸ் ஏறிவிடுவான்.) பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு யானாதிப் பெண்கள் ஹாஸ்டலில் பேசி, விண்ணப்பம் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். அவரவர் கைப்பட எழுத வேண்டும். மறுநாள்தான் கடைசி நாள்.

பத்தாவது முடித்த பெண்கள் பன்னிரண்டு பேர். கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல இழுத்து இழுத்துத் தெலுங்கில் பிரசங்கம் செய்தேன். ஒருத்தியும் அசையவில்லை. பெஞ்சலம்மா என்று ஒருத்தி மட்டும் எழுந்து, தமிழிலேயே, "நான் சேர்றேன் சார், ஃபாரம் குடுங்க" என்றாள். கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கோ, கொண்டுபோன வித்தையைக் காட்டாவிட்டால் தூக்கம் வராது.

"முதல்ல வேலையைப் பாரு" என்று அவள் வலது கையைப் பிடித்தேன்.

"சார், ஃபாரம் எழுதிட்டு..."

"பயப்படாதம்மா, வலிக்காது."

"பயம் இல்ல சார். இந்தக் கை வேணாம், அந்தக் கையில..."

"பயப்படாதேன்னு சொல்றேனில்ல!"

பாவம், கோட்டைக் கண்டு மிரள்கிறாள் என்று மற்றவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன். மடப்பயல்! விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கை வரை கட்டினேன். என் ஆயுசிலேயே அவ்வளவு வழவழப்பான கட்டு போட்டதில்லை. பெண்கள் கை தட்டினார்கள்.

பிறகு, கட்டை வெட்டும் கத்திரிக்காகப் பைக்குள் கை விட்டேன். கத்திரி சித்தூரில் இருந்தது.

சமையல்காரம்மா அருவாமனையோடு ஓடிவந்தார். "அது என்ன கோழியாம்மா!" என்று வார்டன் அலறினார். பெஞ்சலம்மாதான் நிதானமாகக் கேட்டாள்: "தண்ணியில நனைச்சிக்கினுதானே கட்டினீங்க? மறுபடியும் ஊற வெச்சா விடாதா சார்?"

விடும். பாதம் வளைந்து பிறந்த குழந்தைகளின் அம்மாக்களிடம் வாராவாரம் நான் சொல்வதே அதுதான்: வீட்டிலேயே ஊறவைத்து, கட்டைப் பிரித்துவிட்டு வாங்கம்மா.

கை அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தபோதே புத்தூர் பஸ் வந்து ஹாரன் அடித்தது. அன்றைக்கு அதுதான் கடைசி பஸ். நான் தங்கியிருக்கலாம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்திருந்தால்கூட ஃபாரம் நேரத்துக்குப் போயிருக்கும். ஆனால் வந்த வெட்கத்தில் அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது. ஃபாரத்தை வார்டன் கையில் திணித்து, "தபால்ல அனுப்பிடும்மா" என்று அவளிடம் சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்டாவுக்குள் கையை விட்டபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தபால் இரண்டு நாள் தாமதமாக வந்தது. குமாஸ்தா திருப்பி அனுப்பிவிட்டார். தப்பு என்னுடையது என்று ஆபீசில் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அவள் அந்த வருஷம் கரும்பு வெட்டப் போனாள்.

மறுவருஷம் அவளை ஹாஸ்டலுக்கு வரச் சொல்லிவிட்டு, நானே ஃபாரத்தோடு போனேன். எழுதி, கையெழுத்துப் போட்டு, மடித்து வார்டனிடம் கொடுக்கிற வரைக்கும் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்தாள். நின்றேன். எழுதிய கை முழுக்கக் கரும்புத் தோகை கிழித்த கோடுகள்.

படித்தாள், திரும்பி ஊர்ப்பக்கமே வேலைக்குப் போனாள். அங்கே யாருக்குக் கை கால் ஒடிந்தாலும் பெஞ்சலம்மாவைத்தான் தேடுவார்கள். என் மகள் கல்யாணத்துக்கும் வந்திருந்தாள். சர்ச்சில் மகள் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்க, நான் பாசம் பொங்கக் கிட்டே போனேன். பின்வரிசையிலிருந்து பெஞ்சலம்மாவின் குரல் வந்தது: "சாரைக் கொஞ்சம் பிடிச்சிக்கினு நில்லுங்க, பொண்ணு கையெழுத்துப் போட்டுடட்டும்!" பாதிரியாருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து பேங்க் செக்கானாலும் பேரனின் மார்க் ஷீட்டானாலும், "நைனா வர்றதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடு" என்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவளிடம் நேராக ஒரு மன்னிப்பு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.