டெய்லர் வெட்டிய ஆரஞ்சு பிஸ்கட்

மனைவி தானாக வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் 'வா' என்ற சொல் தன் வாயிலிருந்து வரவே வராது என்று டெய்லர் சத்தியம் செய்தார். முன்னறையில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற பொம்மையின் தலையில் அடித்துச் சொல்லத்தான் கையை ஓங்கினார். பொம்மைக்குத் தலை கிடையாது. தோளில் அடித்தார்.

"நீதான் சாட்சி," என்றார்.

பாவம், மனுஷனுக்கு வேறு சாட்சி கிடைக்கவில்லை. வீட்டில் அவரும் பொம்மையும்தான். தலையோடு ஒருத்தி கூடவே இருந்த வரைக்கும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாதவர், இப்போது தலையில்லாததிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். வருஷக் கடைசி விடுமுறை வந்தால் அவர் வீட்டம்மா ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, சுக்குப் பொடி எல்லாம் போட்டு பிஸ்கட் சுடுவாள். வாசம் தெருமுனையில் திரும்பும்போதே ஆளைப் பிடித்து இழுக்கும். ஒரு வீடு விடாமல் டப்பா போகும். டெய்லருக்கும் அப்போதுதான் தலைக்கு மேல் வேலை. அவள் சமையலறையில் தனியாகப் பிசைவாள், இவர் முன்னறையில் தனியாகத் தைப்பார். நடுவில் ஒரு சுவர். இந்த வருஷம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னங்க, ஒரு மத்தியானம் மெஷினை மூடிட்டு வாங்களேன். நீங்க தோலைச் சீவுங்க, நான் மாவு பிசையறேன். பேசிக்கிட்டே செய்யலாம்."

"மாவையும் சர்க்கரையையும் கலந்து சூடு காட்டுறதுக்கு ரெண்டு ஆளா? இதென்ன பெரிய வித்தை? பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற கை இது. நான் நெனச்சா கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்சுடுவேன்."

"அப்ப நீங்களே செஞ்சுக்குங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"ம்."

மறுநாள் காலையில் பையோடு வந்து நின்றாள். "கிளம்பிட்டேன்," என்றாள். இவர் கையில் ஒரு பேன்ட், அந்தப் பேன்ட்டில் ஒரு ஜிப், அந்த ஜிப்பில் உயிர். "ம்," என்றார். வாசலில் ஏதோ வண்டி நிற்கிற சத்தம் கேட்டது, கிளம்புகிற சத்தமும் கேட்டது. ஜிப்பைத் தைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். வாசல் காலியாக இருந்தது.

முதல் நாள் ராஜா மாதிரி இருந்தார். தட்டைக் கழுவாமல் வைத்தார், துண்டை நாற்காலியில் போட்டார், கேட்க நாதியில்லை. ரெண்டாம் நாள், துண்டு போட்ட இடத்திலேயே கிடந்ததைப் பார்த்தபோது என்னமோ போல ஆகிவிட்டது. கடைசி கஸ்டமரும் வந்து கோட்டை வாங்கிக்கொண்டு போனார். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. மெஷின் நின்றதும் வீடு அவர் மேலேயே விழுந்த மாதிரி அமைதி.

"ஏய், டீ!" என்று பழக்கத்தில் குரல் கொடுத்தார்.

வழக்கமாக, "கால் இல்லையா? வந்து எடுத்துக்குங்க," என்று உள்ளேயிருந்து ஒரு பதில் வரும். இன்று வரவில்லை. அந்தத் திட்டுக்காக அவர் காது ஏங்கியது. புதுக் கோட்டின் கை நீளம் பார்க்க அவளைத்தான் நிற்க வைத்துக் குண்டூசி குத்துவார். கை தவறினால் "ஐயோ, கொல்றாரே!" என்று கத்துவாள். டெய்லர் ஒரு குண்டூசியை எடுத்துப் பொம்மையின் தோளில் குத்திப் பார்த்தார். கத்தவில்லை. இன்னொன்று குத்தினார். ம்ஹூம்.

அவள் இல்லாமல் அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஃபோனை எடுத்து, "நீ இல்லாம முடியலடி, வந்துடு," என்றால் தீர்ந்தது. சொல்வாரா? தையலே பிரிந்தாலும் மடிப்பு கலையக்கூடாது என்கிற ரகம் அவர். அதற்குப் பதிலாக ஒரு திட்டம் போட்டார்.

மாடியில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தாள். தனி ஆள். டெய்லரை வாய் நிறைய அண்ணா என்பாள், அவர் மனைவியை அண்ணி என்பாள். கீழே இவர் தும்மினால் அண்ணி எங்கே இருந்தாலும் சேதி போய்விடும், அப்படியொரு ஒட்டு.

"கேளு," என்றார் டெய்லர் பொம்மையிடம். "நானே பிஸ்கட் சுடுறேன். நர்ஸம்மாவுக்கு ஒரு டப்பா கொடுக்கிறேன். அவ உடனே, 'அண்ணி, உங்களைவிட அண்ணா பிரமாதமா சுடுறார்'னு ஃபோன் போடுவா. இவளுக்கு வயிறு எரியும். அடுத்த வண்டியிலேயே ஓடி வந்துடுவா. வான்னு நான் சொல்லவே வேணாம். எப்படி நம்ம மூளை?"

மூளை விஷயத்தில் பொம்மை கருத்துச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைந்தார். ஆரஞ்சுகளை உட்கார வைத்து, தோலை நன்றாக ஆழமாகச் சீவினார். கிராம்பு எவ்வளவு என்று தெரியவில்லை. தூக்கலாகவே இருக்கட்டும் என்று ஒரு கைப்பிடி இடித்துப் போட்டார். வெண்ணெய் கல்லு மாதிரி இருந்ததால் அடுப்பில் வைத்து உருக்கினார். பிசைந்து பார்த்தால் மாவு பிசினாக ஒட்டியது. வேறு வழியில்லாமல் ஃபோனை எடுத்தார்.

"என்னங்க?"

"சும்மாதான். ஏன் குசுகுசுன்னு பேசற?"

"அக்கா தூங்கறா. சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, ஒரு கஸ்டமர் கேட்டார். மாவு கையில ஒட்டினா என்ன செய்யணுமாம்?"

"கஸ்டமருக்கா? எந்தக் கஸ்டமர்?"

"அதான், அந்த... கோட்டு."

"கோட்டு வெண்ணெயை அடுப்புல வெச்சு உருக்கிட்டாரா?"

"உருக்கிட்டாராம்."

"ஆரஞ்சுத் தோலை வெள்ளை தெரியற வரைக்கும் சீவிட்டாரா?"

டெய்லர் தட்டைப் பார்த்தார். ஆரஞ்சுகள் அத்தனையும் வெள்ளையாக, வெட்கமில்லாமல் உட்கார்ந்திருந்தன. "இருக்கும்," என்றார்.

"கசக்கும்னு சொல்லுங்க. பாவம், அந்தக் கோட்டோட பொண்டாட்டி."

"அவங்க ஊர்ல இல்லியாம்."

தெருவில் பிரெட் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஃபோனுக்குள்ளும் அதே ஹாரன் கேட்டது. உலகம் பூரா பிரெட் வண்டிக்கு ஒரே ஹாரன்தான் போலிருக்கிறது என்று டெய்லர் நினைத்துக்கொண்டார்.

"அந்தக் கஸ்டமர் வேற ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

'நீ வந்துடு' என்று சொல்ல வாயெடுத்தார். "வேற என்ன? ஒண்ணும் சொல்லலை," என்றார்.

"சரி. மாவை ஃபிரிட்ஜில வெச்சுட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்க."

வெட்டுவதா! அங்கேதான் டெய்லருக்குத் தெம்பு வந்தது. வெட்டுவதற்கு இந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் ஏது? மாவு ஃபிரிட்ஜில் இறுகியதும் மேஜை நிறைய விரித்தார். பழுப்புக் காகிதத்தில் அளவு வரைந்து வட்டமாக மாதிரி வெட்டினார். அப்போது அவருடைய தொழில் புத்தி தோளைத் தட்டியது. புதுத் துணி சூடு பட்டால் சுருங்கும். மாவும் இதுவரை சூடு காணாத புதுசு. அடுப்பில் சுருங்காமல் என்ன செய்யும்? அதனால் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் சுற்றிலும் தாராளமாக மார்ஜின் விட்டு வெட்டினார். டிரேயில் இடம் வீணாகாமல், துணியில் மாதிரி போடுவதைப் போல விளிம்போடு விளிம்பு நெருக்கி அடுக்கினார். தள்ளி நின்று பார்த்தார். அழகு! கல்யாணக் கோட்டுக்குக்கூட இவ்வளவு கச்சிதமாக வெட்டியதில்லை.

டிரேயை ஓவன் அடுப்புக்குள் தள்ளிவிட்டு, அதன் கண்ணாடி வழியாகப் பார்த்தபோதுதான் அந்த அநியாயம் நடந்தது. ஒன்றும் சுருங்கவில்லை. எல்லாம் கால் நீட்டிக்கொண்டு பரவின. பக்கத்து பிஸ்கட்டைக் கட்டிப் பிடித்தன. அது அடுத்ததைப் பிடித்தது. டிரே முழுக்க ஒரே பிஸ்கட்.

"நில்லு, நில்லு! எங்க போற?" என்று கண்ணாடியைத் தட்டினார்.

மேலே தட்டென்று நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. நர்ஸம்மா டியூட்டிக்குப் போய்விட்டாளே? எலியாக இருக்கும். நாற்காலி இழுக்கிற அளவுக்கு எலி வளர்ந்திருக்கிறது, சாயங்காலம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அதற்குள் ஃபோன் அடித்தது.

"என்னங்க, முதல்ல அடுப்பை அணைங்க!"

"எதுக்கு?"

"கருகுது!"

திரும்பினார். சமையலறை புகையில் பாதி காணாமல் போயிருந்தது. அடித்துப் பிடித்து அணைத்துவிட்டு வந்தார். "அது சரி, உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று வைத்துவிட்டாள்.

"பாத்தியா," என்றார் டெய்லர் முன்னறைக்கு வந்து, பொம்மையிடம். "எங்கேயோ இருக்கா. இங்க கருகறது அவளுக்கு அங்க தெரியுது." கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டார். முன்னறையில் புகையே இல்லை.

திட்டம் என்றால் திட்டம், பாதியில் விடலாமா? அந்த ஒற்றை பிஸ்கட்டை வெட்டிப் பார்த்தார். கத்தி வளைந்தது, பிஸ்கட் வளையவில்லை. கடைசியில் அவருடைய பெரிய கத்தரியை எடுத்தார். அந்தக் கத்தரியால் மனைவி ஒருநாள் காகிதம் வெட்டியதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர் அவர். அதே கத்தரியால் பிஸ்கட்டைக் கரகரவென்று நறுக்கினார். காலர் மாதிரி ஒன்று வந்தது, பாக்கெட் மாதிரி ரெண்டு வந்தன. டப்பாவில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் மாடி ஏறிக் கதவைத் தட்டினார்.

நர்ஸம்மா திறந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. வாசல் திரைச்சீலையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"என்ன அண்ணா?"

"பிஸ்கட். நானே சுட்டது. சாப்பிட்டுப் பாரு தங்கச்சி."

ஒரு காலரை எடுத்துக் கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். முகத்தில் என்னென்னமோ வந்து போயின.

"எப்படி?"

"பல்வலிக்கு நல்லா கேக்கும் அண்ணா."

"கிராம்பு கொஞ்சம் தூக்கல்."

"அண்ணிகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

இதற்காகத்தானே இத்தனை பாடும். டெய்லர் நெஞ்சை நிமிர்த்தினார். "பிரமாதமா இருந்துச்சுன்னு சொல்லு. அவ செஞ்சதைவிட..." என்று ஆரம்பித்தார். மேலே வரவில்லை. கையில் டப்பா, கீழே இருட்டப்போகிற வீடு, நாற்காலியில் அந்தத் துண்டு. "இல்ல தங்கச்சி. வேணாம். கசக்குதுன்னு சொல்லு. கருகிப்போச்சுன்னு சொல்லு. நான் பொம்மைகிட்ட பேசிக்கிட்டு உக்காந்திருக்கேன்னு சொல்லு. வீட்டுக்குள்ள கால் வைக்கவே பிடிக்கல. அவளைக் கொஞ்சம் வரச் சொல்லும்மா."

"எப்ப வரணுமாம்?" என்று திரைச்சீலை கேட்டது.

டெய்லர் கையிலிருந்து டப்பா நழுவிப் படியில் உருண்டது. ஒரு பிஸ்கட்கூட உடையவில்லை.

திரை விலகியது. முழங்கை வரைக்கும் மாவோடு அவர் மனைவி நின்றாள். பின்னால் மேஜையில் பிஸ்கட்டுகள் ஒன்றையொன்று தொடாமல், பொன் நிறத்தில் வட்ட வட்டமாக ஆறிக்கொண்டிருந்தன.

"நீ... வண்டி ஏறலியா?"

"எந்த வண்டி?"

"வாசல்ல சத்தம் கேட்டுதே!"

"அது பிரெட் வண்டி. அக்கா வீடே பூட்டிக் கிடக்கு, அவங்க குடும்பத்தோட வெளியூர் போயிருக்காங்க. போய்ச் சேர்ந்தாளான்னு அக்காவுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

டெய்லர் தலையைச் சொறிந்தார். "அப்ப ஏன் பையைத் தூக்கிட்டு..."

"நிமிர்ந்து பாப்பீங்கன்னு வாசல்ல நின்னேங்க. 'போகாதே'ன்னு சொல்ல வேணாம், சும்மா நிமிர்ந்து பாத்தா போதும்னு நின்னேன். நீங்க அந்த ஜிப்பை விட்டுக் கண்ணை எடுக்கல. நிக்க நிக்கக் கால் வலிச்சுது. மாடி ஏறிட்டேன்." அவள் மாவுக் கையைப் புடவையில் துடைத்தாள். "நான் மட்டும் இங்க என்ன சந்தோஷமாவா இருந்தேன்? கீழ நீங்க பொம்மைகிட்ட பேசற சத்தம் கேக்கும். என்கிட்ட ஒருநாளும் அவ்வளவு பேசினதில்ல."

நர்ஸம்மா திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்த பிஸ்கட்டைத் துப்ப இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"தப்புதான்," என்றார் டெய்லர். "வா. வீட்டுக்கு வா." சத்தியம் போனது, பொம்மைதான் சாட்சி. யார் கதவை யார் வந்து தட்டியது என்று கவனித்தீர்களா?

"வரேன். நாளைக்கு மத்தியானம் மெஷின் மூடணும். தோல் சீவறது நீங்க. வெள்ளை தெரியக்கூடாது."

"சரி."

"கத்தரியை நல்லாக் கழுவணும். இனிமே நானும் அதுல காகிதம் வெட்டுவேன்."

"சரி, சரி. பையைக் கொடு, நான் தூக்கிட்டு வரேன்."

அவள் ஆறின பிஸ்கட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் இறங்கினாள். டெய்லர் பின்னாலேயே இறங்கினார். நாலு படி போவதற்குள் ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டார். ஆரஞ்சு முதலில் வந்தது, பட்டை பின்னால் வந்தது. இத்தனை வருஷம் மெஷினில் கண்ணை வைத்துக்கொண்டு தின்றதில் ருசி தெரிந்ததே இல்லை. அடுத்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பு எப்படி இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது?

"பை மாடியிலேயே இருக்கட்டுங்க," என்றாள் அவள், படியில் நின்று. "எப்படியும் இன்னொரு நாள் நான் ஏதாவது சொல்லிக்கிட்டு நிப்பேன், நீங்க நிமிர்ந்து பாக்காம 'ம்'னு சொல்வீங்க. இல்லியா?"

டெய்லர் பிஸ்கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ம்," என்றார்.