பினாயில் மணந்த தெரு

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். தாங்களும் சித்தியும் நலமென்று நம்புகிறேன். மாடியில் இருக்கும் நாங்கள் நலம். கீழ் அறையில் இருக்கும் உங்கள் அண்ணியின் நலம் மழையைப் பொறுத்தது.

எந்தத் தெருவின் சாக்கடைக் குழாயை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்யும் நகராட்சிக் குழுவில் தாங்கள் இருப்பதால் இதை எழுதுகிறேன். சலுகை கேட்கவில்லை. கேட்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் மழைநீருக்குத் தனி வழி கிடையாது. எல்லாம் சாக்கடைக் குழாயிலேயே இறங்கி, இடம் போதாமல், அம்மாவின் குளியலறை ஓட்டை வழியாக வெளியே வரும். அம்மா அந்த ஓட்டையின் மேல் மணல் மூட்டையை வைத்து, அதன் மேல் முக்காலியைப் போட்டு, தானும் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மாடிக்குக் கூப்பிட்டால் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை. இந்த முறைப் பட்டியலின் முன்வரிசையில் எங்கள் தெரு வராவிட்டால் அடுத்த பட்டியலுக்கு மூன்று வருடம். அதுவரை அம்மா முக்காலியில்தான்.

நடந்தது இதுதான். தெருத் தெருவாக வந்து நாற்றம், தேக்கம், சுவரில் நீர் ஏறிய கறை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள், அதிகம் வாங்கும் தெருவுக்கு முதலில் பணம் என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவுக்கு அதில் அதிகாரிகள் வருகிறார்கள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. தையல்காரர் கறை படிந்த சுவருக்கு வெள்ளையடித்தார், எதிர்வீட்டு வாத்தியார் தேங்கிய நீரை வாளி வாளியாக இறைத்துக் காலி மனையில் கொட்டினார், அம்மா இரண்டு பாட்டில் பினாயிலைக் காலி செய்தாள், "நாறணும்மா, நாறினாத்தான் காசு" என்று நான் தலையில் அடித்துக்கொண்டதற்கு, "நாறுற வீட்டுக்குள்ள மனுஷங்கள எப்படிடி வாங்கன்னு கூப்பிடறது" என்றாள். வந்த அதிகாரி மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸவிட உங்க பாத்ரூம் நல்லா இருக்கும்மா" என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்கப் பெருமை. பட்டியலில் எங்கள் தெரு கடைசி.

முதலில் வந்தது பேருந்து நிலையத்துப் பின்தெரு. "துடைப்பத்தையே தொடாத ஆளுங்க" என்று தையல்காரர் பொருமினார். நானும் கோபமாகத்தான் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் அடுப்பை மேசைமேல் ஏற்றி, முட்டளவு நீரில் நின்று சமைத்துக்கொண்டிருந்தாள். கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பிவிட்டேன். அவர்களைத் தொட வேண்டாம் சித்தப்பா. ஆனால் அதே நிதியில் பூங்காவுக்கு வண்ண விளக்கு நீரூற்றும் உண்டாமே. பூங்கா கொஞ்சம் பொறுக்கலாம். எங்கள் குளியலறையில் ஏற்கெனவே நீரூற்று இருக்கிறது, விளக்குதான் இல்லை.

ஆகவே மறுபடி ஆள் அனுப்புங்கள். மழையில், சொல்லாமல். போன தடவை அம்மாவால்தான் கெட்டது; இந்தத் தடவை துடைப்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சித்திக்கு என் அன்பு. உங்கள் வீட்டு நீரெல்லாம் போக வேண்டிய திசையிலேயே போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேலே 'அம்மாவால்தான்' என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். தபாலில் சேர்க்குமுன் மழை பிடித்துக்கொண்டது. மறுபடி வந்து பார்க்கச் சொல்லித் தையல்காரர் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தாராம். அதே அதிகாரி சொல்லாமல் வந்து கதவைத் தட்டினார். அம்மாவின் அறையில் கணுக்கால் வரை நீர். நான் "ஒரு நிமிஷம் சார்" என்று குரல் கொடுத்துவிட்டு, அலமாரியைத் திறந்து துடைப்பத்தை எடுத்து நீரைத் தள்ளத் தொடங்கினேன். ஒரு கையில் பினாயில். ஏனென்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முக்காலியிலிருந்து எழுந்தாள். மூட்டை நகர்ந்து நீரூற்று கிளம்பியது. அதைத் திரும்பிப் பார்க்காமல் சுவரைப் பிடித்தபடி போய்க் கதவைத் திறந்தாள். அவர் பழக்கத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தார். இத்தனை வருடத்தில் ஒருவரையும் செருப்போடு உள்ளே விடாத அம்மா, "பரவால்ல தம்பி, போட்டுக்கிட்டே வாங்க" என்றாள்.